பூஜ்யத்தில் ஒளிந்திருந்த பதினைந்து

அரினோலாவுக்கு முப்பத்தெட்டு வயது. ஒக்பொமோஷோ ஊரில், இலோரின் போகும் பஸ்கள் நிற்கிற நிலையத்தின் வாசலில் பஞ்சர் கடை வைத்திருந்தாள். கடை என்றால் நாலு கம்பு, மேலே ஒரு தகரம், ஒரு காற்றடிக்கும் எந்திரம், டியூப் முக்கிப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். பெயர்ப் பலகைக்குப் பதிலாக வெள்ளையடித்த பழைய டயர் ஒன்று சாலையோரம் நின்றது. ஊரில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மகள் போலாவின் பெயரை ஒட்டி எல்லோருக்கும் அவள் 'இயா போலா', அதாவது போலாவின் அம்மா. அவள் கணவன் கனியு, பதினெட்டுப் பேர் உட்காருகிற பஸ் ஓட்டுபவன். அவன் 'பாபா போலா'.

டயரைத் தட்டிப் பார்த்தே இத்தனை பவுண்டு காற்று இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். காற்றழுத்தம் காட்டும் மானியை வைத்துப் பார்த்தால் ஒரு பவுண்டு முன்னே பின்னே இருக்கும். அப்படிக் கைதேர்ந்தவள், காற்றைப் பற்றிய பாடத்திலேயே தோற்றுப் போனாள் என்றால் விதியின் விளையாட்டை என்னவென்று சொல்வது!

ஐந்து வருஷத்துக்கு முன்னால் போலாவுக்கு மலேரியா வந்தது. ரத்தம் சோதிக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "இருக்கு. ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றாள். ஒரு சொட்டு ரத்தத்துக்குள் எட்டிப் பார்த்து, ஒரு தாயின் வயிற்றில் பாலை வார்க்கும் வேலை! அன்றைக்கே அரினோலா முடிவு செய்துவிட்டாள். தானும் அந்தச் சன்னலுக்கு உள்ளே போய் உட்கார வேண்டும்.

பரிசோதனைக்கூடப் படிப்பில் சேர, பள்ளி இறுதித் தேர்வில் ஐந்து பாடங்களில் நல்ல தேர்ச்சி வேண்டும். முதல் தடவை எழுதியபோது நாலு கிடைத்துவிட்டது. ஆங்கிலம் கூட! விழுந்தது வேதியியல் ஒன்றுதான். இரண்டு தடவைகளில் வாங்கிய தேர்ச்சிகளைச் சேர்த்து ஏற்றுக்கொள்வார்கள். மூன்றாவது தடவை என்று போனால் அந்தப் படிப்பில் சேர்க்க மாட்டார்கள். ஆக, வருகிற மே மாதத் தேர்வுதான் கடைசி. இதில் விட்டால் அந்தச் சன்னல் அவளுக்கு என்றைக்குமே வெளியிலிருந்து பார்க்கிற சன்னல்தான்.

சனிக்கிழமை காலையில் தேவாலயக் கூடத்தில் வயது வந்தவர்களுக்கான தனி வகுப்பு நடந்தது. வேதியியல் ஆசிரியர் ஒயெடிரனுக்கு வயது இருபத்தாறு. வெளியே அவளைப் பார்த்தால், மூத்தவள் என்பதால் குனிந்து விரலால் தரையைத் தொட்டு வணங்குவார். வகுப்புக்குள் வந்துவிட்டால் அவள் எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டில் இருவருக்குமே கொஞ்சம் கூச்சம்.

பாயில் விதியை அவர் கரும்பலகையில் எழுதினார். சூடு மாறாமல் வைத்துக்கொண்டு, அடைபட்ட வாயுவின் இடத்தைப் பாதியாக்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகும். கால்வாசியாக்கினால் நாலு மடங்கு.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

வகுப்பே தலையாட்டியது. அரினோலாவும் ஆட்டினாள். ஆனால் மனசுக்குள் ஏதோ உறுத்தியது. காற்றைப் பற்றி ஒருவன் சொன்னால் அதைக் கையால் பார்க்காமல் எப்படி நம்புவது?

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டமில்லை. பழைய கைப் பம்பு ஒன்றை எடுத்தாள். உள்ளே தோல் வளையத்துக்கு நன்றாகக் கிரீஸ் தடவினாள். காற்று வெளியேறும் வாயில் மானியை இறுக்கிப் பொருத்தினாள். தண்டில் சாக்கட்டியால் பாதி, மூன்றிலொரு பங்கு, கால்வாசி என்று கோடு போட்டாள். வேகமாக அழுத்தினால் பம்பு சுடும் என்பது அவளுக்குத் தெரியாதா? அதனால் மெல்ல அழுத்தி, சூடு ஆறும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, முள்ளைப் பார்த்தாள்.

அழுத்தாதபோது பூஜ்யம். பாதியில் பதினைந்து. மூன்றிலொரு பங்கில் முப்பது. கால்வாசியில், உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தியபோது, நாற்பத்தைந்து.

அரினோலா திகைத்தாள். பூஜ்யத்தை இரண்டால் பெருக்கினால் பூஜ்யம்தானே வரும்? பதினைந்து எங்கிருந்து வந்தது? சரி, அது போகட்டும். பாதியிலிருந்து கால்வாசிக்குப் போனால் மறுபடியும் பாதி. பதினைந்து முப்பதாக வேண்டும். நாற்பத்தைந்து காட்டுகிறதே! மூன்று தடவை செய்து பார்த்தாள். மூன்று தடவையும் அதே கணக்கு.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்றாள்.

"சார், புத்தகத்துல தப்பு இருக்கு."

"எந்தப் பக்கம்மா? அச்சுப் பிழையா?"

"அச்சுப் பிழை இல்ல சார். விதியே தப்பு."

கூடம் அதிர்ந்தது. ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "முந்நூறு வருஷமா உலகத்துல ஒருத்தனுக்கும் தெரியல, நம்ம பஞ்சர் கடை அம்மா கண்டுபிடிச்சிட்டாங்கப்பா!"

"சிரிங்க, நல்லா சிரிங்க. நேத்து என் கையால அழுத்திப் பார்த்தேன். நீங்க யாராவது பார்த்தீங்களா?"

ஒயெடிரனின் முகம் சுருங்கியது. வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அவருக்கும் சட்டென்று பதில் தெரியவில்லை என்பதுதான் உண்மை. தெரியாததை மறைக்கக் குரலை உயர்த்தினார்.

"அம்மா, உங்க மானி ரோட்டோர மானி. அதை வெச்சு விஞ்ஞானம் பண்ண முடியாது. பரீட்சையில புத்தகத்துல உள்ளதை எழுதினா மார்க். உங்க மானி சொன்னதை எழுதினா போன தடவை மாதிரிதான்."

போன தடவை மாதிரி! அந்த ஒரு சொல் அவள் நெஞ்சில் ஆணி அடித்தது. உட்கார்ந்தாள். அதன் பிறகு கரும்பலகை அவள் கண்ணுக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது.

அவளோடு அதே வகுப்பில் படிக்கிற தையல்காரி வூராவோலா, திரும்பும் வழியெல்லாம் சமாதானம் சொன்னாள்.

"விடுடி. மனப்பாடம் பண்ணி எழுதிட்டுப் போ. பாயில் உன் கடைக்கா வந்து கேக்கப் போறாரு?"

"போன தடவை மனப்பாடம் பண்ணித்தானே எழுதினேன்? கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்டான். எல்லாம் கொட்டிப் போச்சு. எனக்குப் புரிஞ்சாத்தான் நிக்கும் வூரா. புரியாதது என் மண்டையில தங்காது."

கடைக்கு வந்ததும் ஆத்திரம் பொங்கியது. வேதியியல் புத்தகத்தைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் வீசினாள். அது குமிழி விட்டுக்கொண்டு மூழ்கியது. ஒரு கணம்தான். பிறகு அலறிக்கொண்டு ஓடிப்போய் இரண்டு கையாலும் அள்ளி எடுத்தாள். காற்றடிக்கும் எந்திரத்தின் சூடான தலைமேல் விரித்துக் காயவைத்துவிட்டு, பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொண்டே அழுதாள். பஞ்சர் ஒட்ட வந்த ஆள் ஒருவன், செத்துப்போன யாருடைய படமோ இருக்கிறது என்று நினைத்து, "கடவுள் ஆறுதல் தரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை காலை. நிலையத்தில் கனியுவின் பஸ் முதல் வரிசையில் நின்றது. அவன் ஓட்டும் இருக்கையில் சாய்ந்துகொண்டு அகரா வடையைக் கஞ்சியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். ஆள் கூப்பிடுகிற லாமிடி, பஸ் கதவைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினான்.

"இலோரின்! இலோரின்! பஸ் காலி! உள்ள ஒரு ஆள் கூட இல்ல! வாங்க, வாங்க, இஷ்டப்பட்ட சீட்டு!"

உள்ளேயிருந்து கனியுவின் குரல் இடி மாதிரி வந்தது. "டேய்! ஒரு ஆள் கூட இல்லையா? அப்போ நான் யாருடா? ஆடா?"

நிலையமே சிரித்தது. லாமிடி விடுவானா? "பாபா போலா, உங்களை எவன் எண்ணுவான்? நீங்க எப்பவும் உள்ளதான் கெடக்கறீங்க. ஏறுற ஆளைத்தான் நான் எண்ணுவேன்!"

"தொண்ணூறு கிலோ மனுஷன் உக்காந்திருக்கேன், பஸ் காலியாம்! டயரைக் கேட்டுப் பாருடா, காலியா இல்லையான்னு!"

அரினோலா அப்போது லாரி டயர் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. டயர் தானாக உருண்டு போய்ப் பழக்காரியின் கூடையில் முட்டியது. பழக்காரி திட்டினாள். அரினோலாவின் காதில் எதுவும் விழவில்லை.

எப்பவும் உள்ளேயே இருப்பவனை யாரும் எண்ணுவதில்லை.

அவளுடைய மானியும் லாமிடி மாதிரிதானே? ஏறுகிற காற்றை மட்டும் எண்ணுகிறது. ஏற்கெனவே உள்ளே இருக்கிற காற்று? வால்வு திறந்து கிடக்கிற டயரில் மானி பூஜ்யம் காட்டும். ஆனால் அதற்குள் காற்றே இல்லையா என்ன? வெளியே இருக்கிற அதே காற்று உள்ளேயும் இருக்கிறது. வெளியே தள்ளுகிற அளவுக்கு உள்ளேயும் தள்ளுகிறது. இரண்டும் சமம். அதனால் முள் அசையவில்லை. பூஜ்யம் என்பது காலி அல்ல! அந்தப் பூஜ்யத்துக்குள்ளே ஒருத்தன் வசதியாக உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருக்கிறான்!

எவ்வளவு? பாதியாக்கி இரண்டு மடங்கானபோது கூடியது பதினைந்து. அப்படியானால் முதலிலேயே உள்ளே இருந்ததும் பதினைந்தேதான்!

கீழே கிடந்த சாக்கட்டியை எடுத்து, லாரி டயரின் மேலேயே எழுதினாள். பூஜ்யத்தோடு பதினைந்து, பதினைந்து. பாதியில் பதினைந்தோடு பதினைந்து, முப்பது. மூன்றிலொரு பங்கில் நாற்பத்தைந்து. கால்வாசியில் அறுபது. பதினைந்து, முப்பது, நாற்பத்தைந்து, அறுபது! இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நாலு மடங்கு! புத்தகமும் சரி, அவள் மானியும் சரி. எண்ண ஆரம்பித்த இடம்தான் வேறு.

"பாபா போலா!" என்று கத்திக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள். கிரீஸ் கையோடு அவன் கன்னத்தைப் பிடித்து, "நீதான் அந்தப் பதினஞ்சு! நீதான்!" என்றாள்.

கனியு பயந்துவிட்டான். "லாமிடி, இவளுக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டாடா. வெயில் ஏறிடுச்சு போல."

அடுத்த சனிக்கிழமை அவள் பம்பைத் தோளில் சுமந்துகொண்டு வகுப்புக்குப் போனாள். ஆசிரியரிடம் அனுமதி கேட்டாள். ஒயெடிரன் தயங்கினார், பிறகு ஒதுங்கி நின்றார். அவள் பம்பை அழுத்த, போலீஸ்காரர் மானியைப் படித்துச் சொல்ல, வூராவோலா பலகையில் எழுதினாள். கடைசியில் அரினோலா ஒவ்வோர் எண்ணோடும் பதினைந்தைக் கூட்டிக் காட்டினாள். போலீஸ்காரர்தான் முதலில் எழுந்து கைதட்டினார்.

ஒயெடிரன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வகுப்புக்குள் அவர் அதுவரை செய்யாத காரியத்தைச் செய்தார். குனிந்து, விரலால் தரையைத் தொட்டார்.

"அம்மா, போன வாரம் எனக்குப் பதில் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. உங்க மேல கோபப்பட்டுட்டேன். வீட்டுக்குப் போய் மூணு புத்தகம் புரட்டினேன். நீங்க சொன்னதுதான். வளிமண்டல அழுத்தம்னு பேரு. அதைச் சேர்த்துத்தான் கணக்கு போடணும்."

அரினோலா பம்பைக் கீழே வைத்தாள். "எழுந்திருங்க சார். பசங்க முன்னால என்ன இது" என்றாள். அங்கே இருந்த பசங்களில் ரொம்பச் சின்னவனுக்கு முப்பது வயது.

அன்றைக்கே அடுத்த பாடமும் வந்தது. வாயுவின் சூடு ஏற ஏற அழுத்தமும் ஏறும். ஆனால் சூட்டைச் செல்சியஸில் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. இருநூற்று எழுபத்து மூன்றைக் கூட்டிக்கொண்டு கெல்வினில் போட வேண்டும்.

"ஏன் கூட்டணும்?" என்று எல்லோரும் விழித்தபோது அரினோலா உட்கார்ந்தபடியே சொன்னாள்: "இதுவும் பொய்ப் பூஜ்யம். தண்ணி உறையற எடத்துல எண்ண ஆரம்பிச்சிருக்காங்க. அதுக்குக் கீழ இருநூத்து எழுபத்து மூணு படி இருக்கு, எவனும் எண்ணல."

ஒயெடிரன் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார். "இதை நான் ஒரு மணி நேரம் நடத்தறதா இருந்தேன்" என்றார் பரிதாபமாக.

ஆனால் அந்த விதி அவள் தலையில் ஆணியடித்த மாதிரி நின்றது வகுப்பில் அல்ல, கனியுவின் டயரில்.

அந்த நிலையத்து டிரைவர்களுக்கு ஒரு வழக்கம். காலையில் முப்பத்தைந்து பவுண்டு காற்றோடு கிளம்புவார்கள். உச்சி வெயிலில் இலோரினிலிருந்து திரும்பும்போது டயர் கொதிக்கும். மானி நாற்பது காட்டும். "ஐயோ, வெடிச்சிடும்" என்று ஐந்து பவுண்டை இறக்கிவிடச் சொல்வார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் டயர் தொய்ந்திருக்கும். "இயா போலா, உன் வால்வு ஓட்டை" என்று அவள் மேலேயே பாய்வார்கள். பதினோரு வருஷமாக இந்தப் பழியைச் சுமந்தவள் அவள்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்த்தாள். காலையில் முப்பத்தைந்தோடு பதினைந்து, ஐம்பது. சூடு இருபத்தேழு டிகிரி, கெல்வினில் முந்நூறு. மத்தியானம் டயருக்குள் ஐம்பத்தேழு, அதாவது முந்நூற்று முப்பது. பத்தில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது. அப்படியானால் ஐம்பது, ஐம்பத்தைந்தாகும். பதினைந்தைக் கழித்தால் நாற்பது! மானி காட்டுவதும் அதேதானே! ஏறினது காற்று அல்ல, சூடு. ஆறினால் தானே இறங்கிவிடும். அதைப் போய் இறக்கிவிட்டால் ராத்திரி குளிரில் முப்பதுக்கு வந்து நிற்கிறது. தொய்ந்த டயர் மடங்கி மடங்கி இன்னும் சூடாகும். வெடிக்காமல் இருக்க இறக்கிய காற்றே வெடிக்கவும் வைக்கும்!

அன்று மத்தியானம் கனியு வந்து வழக்கம்போல, "முன் ரெண்டுலயும் அஞ்சு இறக்கு" என்றான்.

"ஒண்ணுல மட்டும் இறக்கறேன். இன்னொண்ணைத் தொட மாட்டேன். காலையில பாரு."

"பெண்டாட்டி பரீட்சைக்குப் படிக்க, புருஷன் குழியில விழணுமா?"

"நீ இன்னிக்கு மறுபடி வண்டி எடுக்கப் போறதில்ல. நின்ன டயர் வெடிக்காது. வாயை மூடிட்டுச் சோறு தின்னு."

விடிந்ததும் டிரைவர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். தொடாத டயரில் சொல்லி வைத்தாற்போல் முப்பத்தைந்து. இறக்கிய டயரில் முப்பதுக்கு மேல் அரை. கனியு மானியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்போ இத்தனை வருஷமா வால்வு..."

"என் வால்வுல ஒண்ணும் இல்ல. உங்க மூளையிலதான் ஓட்டை. எல்லாரும் வரிசையா வந்து மன்னிப்புக் கேளுங்க."

கேட்டார்கள். லாமிடி கூட வரிசையில் நின்றான், அவனிடம் வண்டியே இல்லை.

மே மாதம் தேர்வு. போகிற வழியில் கனியு பஸ்ஸில் பயணிகளை வைத்துக்கொண்டே அவளைப் பள்ளி வாசலில் இறக்கினான். வாயுவைப் பற்றிய கேள்வி வந்தது. இருபத்தேழு டிகிரியில் அறுநூறு கன சென்டிமீட்டர் வாயு, நூற்றிருபத்தேழு டிகிரிக்குப் போனால், அழுத்தம் மாறாதபோது எவ்வளவு இடம் பிடிக்கும்? அவள் பேனா தயங்கவே இல்லை. முந்நூறு, நானூறு, எண்ணூறு என்று ஓடியது. ஆனால் பெட்ரோல், எண்ணெய் எல்லாம் வருகிற கரிமச் சேர்மங்கள் பகுதியில் இரண்டு கேள்விகள் அவளைத் தின்றுவிட்டன. ஒன்றை விட்டே விட்டாள். வெளியே வந்தபோது வூராவோலா கேட்டாள், "எப்படி?" அரினோலா உதட்டைப் பிதுக்கினாள். கண்ணில் நீர் தளும்பியது.

"காத்து எல்லாம் எழுதினேன் வூரா. எண்ணெய்தான் வழுக்கிடுச்சு."

ஆகஸ்டில் முடிவு வந்தது. அரினோலாவுக்குப் பார்க்கத் துணிவில்லை. வூராவோலாதான் கடை வாசலில் நின்று கைப்பேசியில் எண்களை அழுத்தினாள். அரினோலா டியூபைத் தொட்டியில் முக்கியபடி முதுகைக் காட்டி நின்றாள். ஐந்து வருஷமாகக் கண்ணாடிக்கு வெளியே நின்றவள் அவள். உள்ளேயா, வெளியேயா?

"வேதியியல்..." வூராவோலா நிறுத்தினாள். "சி ஆறு."

"சி ஆறுன்னா?"

"நல்ல தேர்ச்சியில கடைசிப் படி. அதுக்குக் கீழ போயிருந்தா போச்சு. நீ போகலடி! நூலைப் பிடிச்சுத் தொங்கி உள்ள விழுந்துட்ட!"

அரினோலா திரும்பவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. கனியு பஸ்ஸிலிருந்து குதித்து ஓடி வந்தான். அவள் அழுகிறாள் என்று பார்த்ததும் அவன் முகம் வாடியது. "போனா போகட்டும், நீ என்ன..." என்று ஆரம்பித்தவன் வூராவோலாவின் பல் முழுவதும் தெரிவதைப் பார்த்தான். அப்படியே திரும்பி ஓடிப் பஸ்ஸில் ஏறி ஹாரனை அழுத்தினான். அழுத்திய கையை எடுக்கவேயில்லை. பக்கத்து பஸ் என்னவென்று தெரியாமல் அதுவும் அழுத்தியது. பின் வரிசை அழுத்தியது. இலோரின் சாலையில் போய்க்கொண்டிருந்த லாரிகளும் சேர்ந்துகொண்டன.

பயணி ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு லாமிடியிடம் கேட்டார், "யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல ஐயா. நம்ம இயா போலா ரத்தம் பார்க்கிற படிப்புக்குப் போறாங்க! உங்களுக்கு மலேரியா வரணும்னா மூணு வருஷம் பொறுத்து வாங்க!"

அரினோலா முகத்தைத் துடைத்தாள். கிரீஸ் கையால் துடைத்ததில் கன்னம் இரண்டும் கறுத்தன. "ஹாரனை நிறுத்துங்கடா, மானம் போகுது!" என்று கத்தினாள். ஒருவனும் நிறுத்தவில்லை. அவளும் இரண்டாம் தடவை சொல்லவில்லை.